ஜன்னலில் ஒட்டும் அலாரம்: வாங்கிய பிறகு நாம் செய்யும் தவறுகள்

நான் வாங்கிய முதல் ஜன்னல் அலாரம் திருடனைக் கண்டு கத்தவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து கழன்று, கீழே புளிக்க வைத்திருந்த தோசை மாவுக் குண்டாவுக்குள் விழுந்து, உள்ளே இருந்தபடியே கத்தியது. ராத்திரி இரண்டரை மணி. அப்பத்தா எழுந்து வந்து, "என்ன கருமாந்தரத்தக் கண்ணு ஜன்னல்ல ஒட்டி வெச்சே?" என்றார். அலாரத்தின் மேல் தப்பில்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல், டிஸ்டெம்பர் பூச்சின் மேல் ஒட்டியது நான்தான். பூச்சு உரிந்து டேப்போடு வந்துவிட்டது.

2024 நவம்பரில் பல்லடம் பக்கமும், 2025-இல் ஈரோடு மாவட்டச் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, எங்கள் கொங்கு வட்டாரத்தில் கேமரா வைக்கலாமா, நாய் வளர்க்கலாமா, அலாரம் மாட்டலாமா என்ற பேச்சு வராத வீடு குறைவு. அதில் சில நூறு ரூபாயில் முடிவது இந்த ஒட்டும் அலாரம். வயரிங் வேண்டாம், கரண்ட் போனாலும் வேலை செய்யும். நல்ல பொருள்தான். ஆனால் இது ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிற வீட்டை நினைத்துச் செய்தது. நாம் அப்படித் தூங்குகிற ஆட்கள் இல்லை. பெரும்பாலான தவறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். இரண்டு துண்டுகள் வரும். பெரியதில் பேட்டரி, ஒலிப்பான், ரீட் சுவிட்ச். சின்னதில் ஒரு காந்தம் மட்டும். ரீட் சுவிட்ச் என்பது சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக இதழ்கள். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை இதழ்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். காந்தம் விலகினால் பிரியும், உடனே அலாரம் அலறும். அதாவது, அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: மூடிய கதவு திறந்தது. திறந்தே கிடக்கும் ஜன்னலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நாமோ சித்திரை வைகாசியில் ஜன்னலைத் திறந்து போட்டு, கொசுவலையும் கம்பியும் இருக்கிறது என்ற தைரியத்தில் படுக்கிறோம். அலாரம் அடிக்கிறதே என்று அதன் பொத்தானை அணைத்துவிட்டுத்தான் திறக்க முடியும். அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா. காற்றுக்காகத் திறந்து வைக்கிற ஜன்னலுக்கு அதிர்வை உணரும் வகையை வாங்குங்கள். அதை ஜன்னல் கதவில் ஒட்டாமல் கம்பிச் சட்டத்தில் ஒட்டுங்கள். கம்பியை வளைக்கவோ, கிரில்லின் ஸ்குரூவைக் கழற்றவோ கை வைத்தால் அந்த அதிர்வில் அடிக்கும்.

காந்த வகையை ஒட்டும் இடத்தில் நடக்கும் தவறுகள் தனி ரகம். கீல் பக்கத்தில் ஒட்டியிருப்பதை நான் நாலைந்து வீட்டில் பார்த்துவிட்டேன். கதவு பாதி திறந்தாலும் கீல் பக்கம் கொஞ்சம்தான் விலகும், அலாரம் பேசாமல் இருக்கும். கொக்கி மாட்டும் பக்கத்தில், கை சுலபமாக எட்டாத மேல் மூலையில் ஒட்ட வேண்டும். நம்ம ஊர் மர ஜன்னலில் இன்னொரு சங்கடம் உண்டு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும், நடுவில் கம்பி, நாம் இருப்பது உள்ளே. வசதியாக இருக்கிறதே என்று அறைப் பக்கச் சட்டத்தில் அலாரத்தை ஒட்டினால், கதவில் இருக்கும் காந்தத்துக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி வந்துவிடும். பெரும்பாலான அலாரங்களுக்கு இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் சரி. கம்பிக்கும் கதவுக்கும் நடுவே, சட்டத்தின் பக்கவாட்டில் ஒட்ட இடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பழைய இரும்பு ஜன்னலாக இருந்தால் இரும்பே காந்தத்தின் வலுவைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். காந்தத்துக்கு அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையோ மரச் சில்லோ வையுங்கள். புது வீடுகளில் வரும் தள்ளு ஜன்னலில் இரண்டு கதவும் நகரும். ஒன்றில் மட்டும் ஒட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தால், வருகிறவன் மற்றதைத் தள்ளிக்கொள்வான்.

ஒட்டுவதற்கு முன், மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் மேல் ஒட்டவே வேண்டாம். மேற்கு வெயில் படும் ஜன்னலில் கரூர் வெயிலுக்கு எந்த டேப்பும் இளகும். ஸ்குரூ ஓட்டை இருக்கும் அலாரமாகப் பார்த்து வாங்கினால் இந்த வம்பே இல்லை.

அதிர்வு வகைக்கு இங்கே ஓர் எதிரி இருக்கிறது: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனியில் தொடங்கி ஆவணி வரைக்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஜன்னல் கதவுகள் இரவெல்லாம் தடதடக்கும். ஒரே ராத்திரியில் மூன்று தடவை அலறினால் நாலாவது நாள் யாராவது பேட்டரியைப் பிடுங்கிவிடுவார்கள். பொய்க்கு அலறும் அலாரத்தால் வரும் பெரிய நஷ்டம் அதுதான். உண்மையாகவே அடிக்கும்போதும் "காத்துதான், படு" என்று புரண்டு படுப்போம். முதலில் ஜன்னலின் ஆட்டத்தை நிறுத்துங்கள்: தளர்ந்த கொக்கியை மாற்றி, கண்ணாடி ஓரத்தில் ரப்பர் வைத்த பிறகு அலாரத்தை ஒட்டுங்கள். உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் குறைவில் வையுங்கள்.

தறி ஓடும் வீடுகளில் இரண்டு விதத்திலும் சிக்கல். சோமனூரில் மாமா வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். "மாமா, அலாரம் அடிச்சா கேக்குமுங்களா?" என்று கேட்டேன். "தறி ஓடறப்ப இடி உழுந்தாலும் கேக்காது மாப்ளே" என்றார். தறி ஓடும் ஆட்டத்துக்கே அடிக்கும் என்பதால் அங்கே அதிர்வு வகை சரிப்படாது. காந்த வகையை, அதுவும் படுக்கிற அறை ஜன்னலில், காதுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் உண்டு.

சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதிலும் நம் கணக்கு தப்பாகவே இருக்கிறது. அட்டையில் 100 டெசிபல், 120 டெசிபல் என்று போட்டிருக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 என்றால் 10 மீட்டரில் 80, 100 மீட்டரில் 60. அது எதிரில் ஒருவர் பேசும் சத்தம். நடுவில் சுவரும் தென்னந்தோப்பும் இருந்தால் அதுவும் இல்லை. தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் பழனிக்குப் போகிறவர்களுக்கு இந்த அலாரம் உதவாது. அக்கம்பக்கத்தில் சொல்லி, காவல் நிலையத்திலும் தகவல் கொடுத்துவிட்டுப் போவதே மேல். ஆள் இருக்கும் வீட்டில் இதன் வேலை நம்மை எழுப்புவது மட்டும். எழுந்ததும் விளக்கைப் போட்டு, 112-க்கோ 100-க்கோ அழையுங்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியே பார்க்கப் போக வேண்டாம்.

வாசல் கதவை ஒட்டிய ஜன்னலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அதன் வழியே கையை விட்டால் உள் தாழ்ப்பாள் எட்டுகிறதா, ஒரு குச்சியால் சாவிக்கொத்தையோ சார்ஜில் போட்ட போனையோ இழுக்க முடிகிறதா என்று வெளியே நின்று நீங்களே ஒரு முறை முயன்று பாருங்கள். எட்டினால், சாவி ஆணியை இன்றைக்கே இடம் மாற்றுங்கள்.

பேட்டரி பெரும்பாலும் எல்ஆர்44 பட்டன் செல்தான். தீர்ந்ததைக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள். விழுங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். செல் உயிரோடு இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டும். தேதி மறந்துபோகும் என்று நாங்கள் அமாவாசையை வைத்துக்கொண்டோம். முதல் மாதம் படைத்த சோற்றுக்கு வந்த காக்கா அந்தச் சத்தத்தில் பறந்தே போய்விட்டது. அப்பத்தா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. இப்போது காக்கா சாப்பிட்டுப் போன பிறகுதான் சோதனை.