ஸ்ரீநகர் – லே – மணாலி: காரில் போய் டென்ட் போட்டுத் தங்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லடாக் போகிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப்போகிறோம் என்று முதலில் எழுதுங்கள். பாதித் திட்டம் அதிலேயே முடிந்துவிடும்.

1. திசையைத் தேர்ந்தெடுங்கள்

மணாலியில் (சுமார் 2,050 மீ.) கிளம்பி முதல் இரவே லே போகும் வழியில் உள்ள சர்ச்சுவில் (சுமார் 4,290 மீ.) டென்ட் போடுவது புதியவர்கள் விழும் குழி. நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால் கீழே ஓடிவிடலாம் என்று நினைப்பார்கள். முடியாது. ஒருபுறம் சுமார் 4,890 மீட்டரில் பாராலாச்சா லா ('லா' என்றால் கணவாய்), மறுபுறம் நகீ லா, லாச்சுங் லா. எந்தப் பக்கம் போனாலும் முதலில் இன்னும் மேலே ஏறியாக வேண்டும்.

அதனால் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். ஸ்ரீநகர் 1,600, கார்கில் 2,700, லே 3,500 என்று உயரம் பதமாகக் கூடும். லேயில் 3 இரவுகள் தங்கிவிட்டு, அதன் பிறகு சர்ச்சு. தலைவலியோடு வாந்தியும் சோர்வும் இருந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். உயரத்தால் வரும் நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

2. வண்டி

லேயைத் தாண்டி கரு என்ற ஊரில் டேங்க்கை நிரப்பினால், அடுத்த 300 கி.மீ.க்கும் கூடுதலான தூரத்துக்கு வழியில் பம்ப் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 10 லிட்டர் கேன் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துவரை நிரப்பாதீர்கள், உயரத்தில் ஆவி அழுத்தி உப்பிவிடும். (சிப்ஸ் பாக்கெட்டுகளும் தலையணைபோல உப்பும், பயப்படாதீர்கள்.)

பனி உருகி வரும் ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகும். ஆகவே விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியர்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரவில் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்.

வெளிமாநில பிரீபெய்டு சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

3. டென்ட் போடுதல்

மாலை 4 மணிக்குள் இடம் பார்த்துவிடுங்கள். ஆற்றுப்படுகை, கல் உருளும் சரிவின் அடி, இரண்டும் வேண்டாம். குறுகலான பக்கம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். சரளைத் தரையில் முளை நிற்காது. கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டுங்கள்.

குளிருக்குப் பயந்து டென்டின் காற்றுத் திறப்புகளை மூடுவதுதான் எல்லோரும் செய்வது. மூச்சின் ஈரம் உள்துணியில் உறைந்து, காலையில் உங்கள்மேலேயே கொட்டும். ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் அடுத்த இரவு அது வெறும் துணி. திறந்தே வையுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கின் 'கம்ஃபர்ட்' அளவு மைனஸ் 5 முதல் மைனஸ் 10 டிகிரி வரை இருக்கட்டும். 'எக்ஸ்ட்ரீம்' என்று போட்டிருப்பது உயிர் பிழைக்கும் அளவு, தூங்கும் அளவல்ல. ஒரு மேட் போதாது, இரண்டு விரியுங்கள். குளிர் அதிகம் ஏறுவது தரையிலிருந்துதான். பகலில் வியர்த்த உடையோடு படுக்காதீர்கள்.

4. அடுப்பும் தண்ணீரும்

பியூட்டேன் மட்டும் உள்ள கேஸ் டப்பா வாங்காதீர்கள். கடுங்குளிரில் அது சரியாக ஆவியாகாது. டப்பா நிறைய கேஸ் இருந்தும் அடுப்பு அணையும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலவை கேளுங்கள். இரவில் டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

சர்ச்சு உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி லேசில் வேகாது, பருப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. 3 லிட்டர் குக்கர் கொண்டுபோங்கள். ஊரில் வைப்பதைவிட 2 விசில் கூடுதல். அடுப்பை டென்டுக்கு வெளியேதான் பற்றவைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்து உறையும் என்பதால், காலையில் வாய்ப்பக்கம் திறக்கும்.