ஓடிக்கொண்டே நின்றுபோகும் கார்: எரிபொருள் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று நின்றுவிடுகிறது. ஓரங்கட்டி, கால் மணி நேரம் கழித்து செல்ஃப் அடித்தால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக ஓடுகிறது. அவரும் பாவம், ஊகத்தில் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றித் தருகிறார். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

வந்து வந்து போகும் கோளாறை, அது இருக்கும்போதுதான் பிடிக்க முடியும். வண்டி நின்ற அடுத்த சில நிமிடங்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. இன்ஜின் ஆறிவிட்டால் சாட்சியும் போய்விடும். அதனால் நின்றவுடன் என்ன பார்ப்பது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இங்கே சொல்வது சாதாரண இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டிகளுக்கு. டீசல் வண்டியிலும், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஜிடிஐ வகையிலும் உயர் அழுத்தக் குழாயைக் கழற்றவே கூடாது. அதில் இருக்கும் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே இறங்கக்கூடியது.

முதலில் பாதுகாப்பு

ஓட்டும்போது நின்றால் நான்கு இண்டிகேட்டர்களையும் போடுங்கள். ஸ்டியரிங் கனமாகிவிடும், ஆனால் திரும்பும். பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் உதவி மிச்சமிருக்கும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை லாக் பக்கம் திருப்பாதீர்கள். பெட்ரோல் குழாயில் கைவைக்கும் வேலை எல்லாம் திறந்த வெளியில், ஆறிய இன்ஜினில், பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டுதான்.

படி 1: எப்படி நின்றது?

பெட்ரோல் குறைந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் முன்னறிவிப்பு கொடுக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் இழுக்காது, திக்கித் திக்கிப் போகும், பிறகு அணையும். ஸ்விட்சை அணைத்ததுபோல சட்டென்று நின்றால் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். குறிப்பாக, கியரில் இருக்கும் வண்டியின் சக்கரம் இன்னும் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் மட்டும் பூஜ்யத்தில் விழுந்தால், இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் முதல் சந்தேகம். அதுவும் சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும். அதனாலேயே பலர் டேங்குக்குள் இருக்கும் நல்ல பெட்ரோல் பம்பை மாற்றி ஏமாறுகிறார்கள். பம்புக்கு மின்சாரத்தை விடும் சுவிட்சான பம்ப் ரிலே விட்டுப்போனாலும் திடீரென்று நிற்கும், அதையும் மறக்க வேண்டாம்.

படி 2: எப்போது நின்றது?

ஒவ்வொரு முறையும் இதைக் குறித்து வையுங்கள். மேட்டிலும் வேகத்திலும் மட்டும் திணறி, ஐடிலில் நன்றாக இருந்தால் ஃபில்டர் அடைப்பு அல்லது சோர்ந்த பம்ப். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் நின்றால், பம்பின் வாய்க்குப் பெட்ரோல் எட்டவில்லை. டேங்க் நிரப்பிய உடனே திணறினால், ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் மாட்டியிருக்கலாம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் நின்று, மூடியைத் திறக்கையில் டேங்க் பலமாகக் காற்றை உள்ளே இழுத்தால் டேங்கின் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைகிறது என்றால் பெட்ரோல் பக்கம் போகுமுன் இன்ஜினுக்குக் காற்றை அளந்துவிடும் த்ராட்டில் பாடியில் கார்பன் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: நின்ற இடத்திலேயே

வண்டியில் ஒரு மல்டிமீட்டர், டெஸ்ட் லைட், ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) இருக்கட்டும். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டியதும், இன்ஜின் ஆறுவதற்குள் இந்த வரிசையில் பாருங்கள்.

சாவியை ஆன் செய்து, பின்சீட் பக்கம் காதைக் கொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் சுமார் 2 வினாடி ரீங்கரித்துவிட்டு நிற்கும். சத்தம் கேட்டால் பம்புக்கு மின்சாரம் வருகிறது என்று மட்டுமே அர்த்தம், அழுத்தம் சரியென்று அர்த்தமில்லை.

சத்தமே இல்லையா? ஃபியூஸைப் பாருங்கள். பிறகு பம்ப் ரிலேயைக் கழற்றி, அதே எண் போட்ட ஹாரன் ரிலேயை அங்கே செருகுங்கள். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் பழைய ரிலேக்குள் சால்டர் விரிசல் இருக்கலாம். அதையே திரும்பப் போட்டு மீண்டும் நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

அதுவும் இல்லையென்றால் பம்பின் கப்ளர், அதாவது வயர் இணைப்பு. பல வண்டிகளில் பின்சீட்டின் அடியில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். உதவிக்கு ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் டெஸ்ட் லைட் வைத்துப் பாருங்கள். பிறகு மல்டிமீட்டரை வைத்து, பேட்டரி டெர்மினலில் காட்டும் வோல்ட்டுக்கும் பம்பில் காட்டும் வோல்ட்டுக்கும் 1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வயரிங்கையோ எர்த்தையோ தேடுங்கள். (பம்பின் வேகத்தைத் தனி மாட்யூல் கட்டுப்படுத்தும் வண்டிகளில் இந்தக் கணக்கு பொருந்தாது.) மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்து பம்ப் சுற்றவில்லையா? டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் பம்பின் ஆயுள் முடிந்தது.

சத்தம் வருகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஸ்கேனரைச் செருகிக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஆர்பிஎம் பூஜ்யமாகவே இருந்தால் கிராங்க் சென்சார் பக்கம் போகலாம்.

படி 4: அழுத்தம் அளப்பது

இதை வீட்டில், ஆறிய இன்ஜினில் செய்யுங்கள். பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் குழாயில் அழுத்தம் இறங்கும். பிறகு துணியைச் சுற்றிக்கொண்டு, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் ஃப்யூயல் ரெயிலில் உள்ள வால்வில் அழுத்தக் கேஜை மாட்டுங்கள். ஃபியூஸைப் போட்டு, கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெரும்பாலும் 3 முதல் 4 பார் காட்டும். உங்கள் வண்டியின் சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

பலர் இந்த எண்ணைப் பார்த்ததும் 'பம்ப் நல்லாத்தான் இருக்கு' என்று கேஜைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றாதீர்கள். திறந்த வெளியில் இன்ஜினை ஓடவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ரேடியேட்டர் ஃபேன் பல முறை ஓடி நின்ற பிறகு, 3.5-இல் அசையாமல் நின்ற முள் லேசாக நடுங்கும். 3-க்கு இறங்கும். இன்ஜின் சத்தம் மாறாது, நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள். 2.5-க்குக் கீழே போனதும் ஐடில் உதறத் தொடங்கி அணையும். சூட்டில் சோர்கிற பம்பை இப்படிக் கண்ணாலேயே பார்க்கலாம். மாறாக, முள் கடைசிவரை நிலையாக நின்று இன்ஜின் மட்டும் அணைந்தால் பம்ப், ஃபில்டர் இரண்டையும் விட்டுவிட்டு இக்னிஷனைப் பாருங்கள்.

ஓட்டத்தில் மட்டும் வரும் கோளாறுக்கு, கேஜோடு சாலையில் ஓட்டிப் பார்ப்பதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். நீங்கள் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம்மை (கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற சதவீதம்) பதிவு செய்து கொடுக்கலாம். ஐடிலில் பூஜ்யத்தை ஒட்டி இருந்து, வேகத்தில் +10 சதவீதத்தைத் தாண்டினால் பெட்ரோல் போதாமல் இருக்கலாம். ஐடிலில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் இருந்தால் எங்கோ வேக்குவம் கசிகிறது, அதாவது கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. காற்றுக்குப் பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171 என்ற கோளாறு கோடு இந்த இரண்டுக்குமே வரும். அதை மட்டும் நம்பி பம்பை வாங்கிவிடாதீர்கள்.

பம்ப்தான் என்று உறுதியானால், மாற்றும்போது கப்ளரின் பின்களைப் பாருங்கள். கருகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுப் பம்பும் அதே சூட்டில் நிற்கும். டேங்கின் அடியில் வண்டலோ தண்ணீரோ இருந்தால், சுத்தம் செய்யாமல் புதுப் பம்பை உள்ளே இறக்க வேண்டாம்.