'தனிமை'யின் வேரைத் தேடுவது எப்படி: எல்லையோரத் தமிழருக்கு

வாளையார் தாண்டிய பிறகு 'கேரளத் தனிம' என்று மலையாளத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால், தமிழ்க் காதுக்கு அது 'கேரளத்தின் தனிமை' என்றுதான் விழும். அங்கே தனிம என்றால் கலப்பில்லாத சொந்த இயல்பு. சோகம் துளியும் இல்லை. சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் விகுதியிலிருந்து தொடங்குங்கள்.

'தனிமை'யில் '-மை' பண்புப்பெயர் விகுதி. இளமை, பழமை போல. மலையாளத்தில் இந்த ஐகாரம் அகரமாகி நிற்கும்: பழம, பெரும, தனிம. விகுதியைக் கழற்றியதும், மிச்சம் தன் காலில் நிற்கிறதா என்று பாருங்கள். 'தனி வீடு', 'தனி வழி' என்கிறோம், நிற்கிறது. யாராவது 'தன் + இமை' என்று பிரித்து, தன் இமை மட்டுமே துணை என்று விளக்கம் சொன்னால், அதே கத்தியைப் 'பழமை'யில் வைக்கச் சொல்லுங்கள். 'பழ் + அமை' என்று வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அடுத்து 'தனி'க்கு உறவு தேடுங்கள். 'தான்' வேற்றுமை ஏற்கும்போது 'தன்' ஆகிறது: தன்னை, தனக்கு. 'தனி' இந்தக் குடும்பம். பன்மையான 'தாம், தம்' பக்கத்தில் 'தமி' இருக்கிறது. புறநானூறு 182-இல் 'இனிதெனத் தமியர் உண்டலும் இலரே' என்று வருகிறது: அமிழ்தமே கிடைத்தாலும் தாம் மட்டும் உண்ணாதவர்கள். இங்கே 'தமியர்' என்பதில் ஏக்கம் இல்லை, பகிராமை மட்டும்தான். ஆக வேர்ப்பொருள் 'தான் மட்டும்'. உடன் யாரும் இல்லை என்று ஒரு கிளை போனது; அது நம் தனிமை. உடன் எதுவும் கலக்கவில்லை என்று இன்னொன்று போனது. அது மலையாளத் தனிம. நம்மிடமும் அந்தக் கிளை பட்டுப்போகவில்லை: தனித் தங்கம், 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம்.

பழைய நூல்களில் 'தனிமை' என்ற எழுத்தை மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். தொல்காப்பிய உரியியல் 'புலம்பே தனிமை' என்கிறது. சங்கப் பாட்டில் 'புலம்பு' வந்தால் முதலில் தனிமை என்று பொருத்திப் பாருங்கள். இன்றைய புலம்பலை அங்கே கொண்டுபோய் ஒட்டாதீர்கள். மலையாளத்தில் 'புலம்புக' என்றால் பிதற்றுவது. தனித்தவரின் அழுகை வழியாகச் சொல் இப்படி நகர்ந்தது என்பது நல்ல ஊகம். ஊகம் என்றே குறித்து வையுங்கள்.

பக்கத்தில் மூன்று அகராதி போதும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936, ஆறு தொகுதி, 1939-இல் இணைப்பு), மலையாளத்துக்கு ஹெர்மன் குண்டர்ட்டின் மலையாள–ஆங்கில அகராதி (1872), இனமொழிகளுக்கு பர்ரோ–எமனோவின் திராவிட வேர்ச்சொல் அகராதி (இரண்டாம் பதிப்பு 1984). லெக்சிகனில் முதல் பொருளோடு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. கடைசி எண் வரை படித்து, மேற்கோள் எந்தக் காலத்து நூல் என்று பார்க்க வேண்டும்.

இனி உணர்வு. 'நான் தனியா இருக்கேன்' என்பது நிலைமை. கதவைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாகவும் இருக்கலாம். 'எனக்குத் தனிமையா இருக்கு' என்பது மனசு. பசிக்கும் வலிக்கும் போல இதற்கும் 'எனக்கு' வேண்டும். 'எனக்குத் தனியா இருக்கு' என்று யாரும் சொல்வதில்லை. எந்தச் சொல்லைப் போடுவது என்று தடுமாறும்போது இந்த நான்காம் வேற்றுமையை வைத்துப் பாருங்கள்.

மலையாளத்திலிருந்து பெயர்க்கும்போது அதிகம் சறுக்குவது 'ஏகாந்தத'. எழுத்துக்கு எழுத்து 'ஏகாந்தம்' என்று போட்டால் தமிழில் இதமாகிவிடும். நமக்கு ஏகாந்தம் என்றால் ஆற்றங்கரை அமைதியும், திருமலையில் இரவு கடைசியாக நடக்கும் ஏகாந்த சேவையும். 'ஏகாந்தத் தடவு' என்பதைத் 'தனிமைச் சிறை' என்றுதான் எழுத வேண்டும். 'தனிச்சு' என்பது வெறும் 'தனியாக'. 'ஒற்றப்பெடுத்துக' என்றால் பிறர் ஒருவரை ஒதுக்குவது. அதற்குத் 'தனிமைப்படுத்து' சரியாகவே பொருந்தும், ஆனால் 2020-க்குப் பிறகு அதில் தொற்றுநோய் வாடை ஏறிவிட்டது. கதைக்குள் 'ஒதுக்கிவைத்தார்கள்' என்று எழுதுங்கள்.