கார் ஏசியில் கேஸ் கசிவு: இடத்தைக் கண்டுபிடிப்பதும் ஓ-ரிங் மாற்றுவதும்

ஏசியின் குளிர்ச்சி குறைந்ததும் கேஸை நிரப்பிக்கொண்டு வண்டியை எடுத்துச் செல்வது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றிவருவது. ரப்பர் குழாயின் சுவர் வழியாகவும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் தண்டு சீல் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிதளவு குறைவது இயல்புதான். ஆனால் நிரப்பி ஓராண்டுக்குள் குளிர்ச்சி போய்விட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள், அதைக் காணாமல் குழாய் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளை மட்டும் மாற்றுவது குருட்டு வேலை.

தேடலைக் கண்ணிலிருந்து தொடங்குங்கள். கேஸுடன் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய் வெளிவந்து, அதன்மேல் தூசி படிந்து கறுத்த பிசுக்காக நிற்கும். குழாய் இணைப்புகள், ரேடியேட்டருக்கு முன்னால் கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் அடிமூலைகள், கம்ப்ரசர் உடலின் இரு பாதிகள் சேரும் கோடு, கம்ப்ரசரின் முகப்பிலுள்ள கிளட்சுக்குப் பின்புறம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். பிசுக்கு தெரிந்ததும் துடைத்துவிடாதீர்கள். முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு அகப்படாததை எலக்ட்ரானிக் டிடெக்டர் காட்டிக்கொடுக்கும். எஞ்சினை நிறுத்தி, காற்றோட்டமில்லாத நேரத்தில், அதன் முனையை ஒவ்வோர் இணைப்பின் அடிப்பக்கத்திலும் மெதுவாக நகர்த்த வேண்டும், ஏனெனில் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழ்நோக்கித்தான் இறங்கும். டாஷ்போர்டுக்குள் மறைந்திருந்து காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரைச் சோதிக்க, புளோயரைச் சிறிது நேரம் நிறுத்திவைத்துவிட்டு, தண்ணீர் வடியும் குழாயின் வாயில் முனையைக் காட்டலாம். முனைக்குள் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏசி ஓடும்போது சுற்றின் ஒரு பக்கத்தில் அழுத்தம் அதிகமாகவும், எவாப்பரேட்டர் உள்ள இந்தப் பக்கத்தில் ஏறக்குறைய 30 பிஎஸ்ஐ மட்டுமேயாகவும் இருக்கும். நிறுத்தியபின் இரு பக்கமும் சமமாகி, ஆர்-134ஏ கேஸானால் 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். அதனால்தான் எவாப்பரேட்டர் கசிவு ஓடும்போது ஒளிந்துகொண்டு, நின்றபின் வெளிப்படுகிறது. மிக மெதுவான கசிவுக்குப் புற ஊதா சாயம் நல்லது. சாயம் செலுத்திச் சில நாட்கள் ஓட்டியபின், இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் அந்த இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும்.

உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியெடுக்கும் வேக்குவம் பம்பு போட்டு நிறுத்தியபின் அளவுமானியின் முள் நகராமல் நின்றால் கசிவே இல்லை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. வேக்குவம் வெளியிலிருந்து உள்நோக்கி ஒரு வளிமண்டல அளவு, அதாவது 15 பிஎஸ்ஐக்கும் குறைவாகவே அழுத்துகிறது. ஓடும்போது கேஸ் உள்ளிருந்து வெளிநோக்கி 200 பிஎஸ்ஐக்கு மேலும் தள்ளுகிறது. உட்பக்கம் இழுபட்டு அடைத்துக்கொண்ட ரப்பர், வெளிநோக்கித் தள்ளும் அழுத்தத்தில் வாய் திறந்துவிடும். ஆகவே காலியான சுற்றில் ரெகுலேட்டர் வழியாக உலர்ந்த நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதே நம்பத் தகுந்தது. வெப்பநிலை 10 டிகிரி தணிந்தாலே 5 பிஎஸ்ஐ அளவு குறையும் என்பதால் முள் சற்று இறங்கியதும் பதற வேண்டாம். ஆக்சிஜனையோ டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரையோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். முன்னது எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும், பின்னது ஈரத்தை உள்ளே தள்ளும்.

இணைப்பைக் கழற்றுமுன் மீதமுள்ள கேஸை ரெக்கவரி இயந்திரத்தால் எடுத்தாக வேண்டும். காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டவிரோதம். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பதால் தோலில் பட்டால் உறைபுண்ணும் உண்டாகும். புதிய கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் தீப்பற்றவும் கூடியது. இயந்திரம் இல்லாதவர்கள் இந்த ஒரு படியை ஒர்க்‌ஷாப்பில் முடித்துக்கொண்டு வருவதே சரி.

இனி ஓ-ரிங். திருகு இணைப்பை எப்போதும் இரண்டு ஸ்பேனர்களால் கழற்றுங்கள். ஒன்று பிடிக்க, மற்றொன்று திருப்ப. ஒற்றை ஸ்பேனரால் திருப்பினால் மெல்லிய அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும். வெளிவந்த பழைய ஓ-ரிங்கை விரலில் வைத்துப் பாருங்கள்: வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு சப்பையாகி, ஓரங்கள் சதுரமாகியிருக்கும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. அது இருந்த பள்ளத்தைக் கம்பியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்டக் கூடாது, தலைமுடி அளவு கீறலே கசிவுக்குப் போதும். பஞ்சு இழை விடாத துணியால் துடையுங்கள்.

புதியது ஏசி கேஸையும் எண்ணெயையும் தாங்கும் எச்என்பிஆர் என்ற செயற்கை ரப்பராகவும் விட்டமும் தடிமனும் சரியாகவும் இருக்க வேண்டும். பச்சை நிறம் மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. சில இணைப்புகளில் ஓ-ரிங்குக்குப் பதில் உலோகமும் ரப்பரும் சேர்ந்த வாஷர் இருக்கும், அதை ஒருமுறை கழற்றினால் மீண்டும் போடக் கூடாது. ஓ-ரிங்கில் ஏசி எண்ணெயை ஒரு சொட்டு தடவி, முறுக்கிக்கொள்ளாமல் நேராக அமர்த்தி, கையால் திருகிப் பொருத்தியபின் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு இறுக்குங்கள். கூடுதலாக இறுக்கினால் கசிவு நிற்காது, ரப்பர்தான் நசுங்கும்.

திறந்த குழாய் முனைகளை உடனே மூடிவைக்க வேண்டும், கம்ப்ரசரில் உள்ள பிஏஜி வகை எண்ணெய் காற்றின் ஈரத்தை விரைந்து உறிஞ்சும். சுற்றைத் திறந்துவிட்டால் ஈரத்தை உறிஞ்சிவைக்கும் ரிசீவர் டிரையரையும் மாற்றுவது நல்லது. எல்லாம் பூட்டி, நைட்ரஜன் சோதனையிலும் தேறிய பிறகு, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்குவம் போட்டு, பானட்டின் அடியில் ஒட்டியுள்ள அளவின்படி கேஸைத் தராசில் எடைபோட்டு நிரப்புங்கள். கசிவை அடைக்கும் என்று விற்கப்படும் திரவங்களை உள்ளே விடாதீர்கள். அவை அடுத்து இணைக்கப்படும் ரெக்கவரி இயந்திரத்தையும் கெடுத்துவிடும்.

கடைசியாக, கேஸ் ஏற்றும் இரு வால்வுகளின் வாயிலும் சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். என் வண்டியில் எல்லா ஓ-ரிங்குகளையும் மாற்றிய பிறகும் குளிர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் இந்தச் சொட்டில் கடுகளவு குமிழ் மெல்ல எழுந்தது. தேய்ந்திருந்தது வால்வு பின், அதன்மேல் மூடியும் இல்லை. பின்னை மாற்றி, உள்ளே ரப்பர் வளையம் உள்ள மூடியைப் போட்டதோடு கசிவு நின்றது.