புரட்டாசி வெள்ளியில் முட்டை தினம் வந்தால்? வீட்டிலேயே உணவு தினம் கொண்டாடும் முறை

மூன்று வருடத்துக்கு முன்பு, மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை. "ஆயா, இன்னைக்கு உலக இட்லி தினமாம்" என்று என் மகள் போனைக் கொண்டுபோய் நீட்டினாள். அம்மா அப்போதுதான் இட்லித் தட்டில் துணியை நனைத்து விரித்துக்கொண்டிருந்தார். "இன்னாடி இது, இட்லிக்கு ஒரு நாளா? அப்ப மத்த நாளெல்லாம் நான் இன்னாத்த ஊத்துனேன்?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் பேத்தி விடவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். டிவி ஓடவில்லை. அதிலிருந்து வருடத்துக்கு ஐந்தாறு நாள் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் இப்படி நடக்கிறது. மாடியில் குடியிருப்பவர்கள் "எப்படிப் பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை: தினசரி காலண்டரும் பென்சிலும்

மளிகைக் கடை அண்ணாச்சி வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் தினசரி காலண்டர் போதும். போனில் குறித்தால் வேலைக்காகாது, பார்க்கவே மாட்டோம். பென்சிலால் குறியுங்கள். ஏன் பேனா வேண்டாம் என்பது அடுத்த படியில் புரியும்.

எந்தெந்த நாளைக் குறிப்பது? இணையத்தில் தேடினால் வருடத்தில் ஒரு நாள் மிச்சமில்லாமல் ஏதாவது ஒரு தின்பண்டத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பாதி, யாரோ சரக்கு விற்பதற்காகக் கிளப்பிவிட்டது. அதனால் நாளை யார் அறிவித்தார்கள் என்று முதலில் பாருங்கள். பிப்ரவரி 10 பருப்பு தினம், மே 30 உருளைக்கிழங்கு தினம் இரண்டும் ஐ.நா. அறிவித்தவை. செப்டம்பர் 2 தேங்காய் தினம், தென்னை விளையும் ஆசிய பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பு தொடங்கிய நாள். மார்ச் 30 இட்லி தினம் நம்ம ஊர்ச் சரக்கு. சென்னையில் இட்லிக்கென்றே பெயர் வாங்கிய சமையல் கலைஞர் இனியவன் 2015-ல் ஆரம்பித்து வைத்தது. இந்த ஒன்றை மட்டும் நான் பேனாவாலேயே குறித்துவிடுவேன்.

இரண்டாவது: நம் காலண்டரோடு பொருத்திப் பார்ப்பது

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். நாங்களும் விட்டோம்.

உலக முட்டை தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் வியன்னாவில் கூடிய சர்வதேச முட்டை ஆணையம், அக்டோபர் மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தது. இரண்டாவது வெள்ளி என்றால் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் நடுவில்தான் விழும். நமக்குப் புரட்டாசி முடிவதோ அக்டோபர் 17 வாக்கில். ஆக, எந்த வருடமானாலும் முட்டை தினம் புரட்டாசியில், அதுவும் வெள்ளிக்கிழமையில்தான் வரும்! வியன்னாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது. முதல் வருடம் விவரம் தெரியாமல் ஒரு டஜன் முட்டை வாங்கி வந்து, வாசலிலேயே நின்று திட்டு வாங்கினேன். முட்டைகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. இப்போது ஐப்பசி பிறந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டு முட்டை தினம்.

மீனும் இப்படித்தான். மே 2 உலக சூரை மீன் தினம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிப் போட்டிருக்கும். நாட்டுப் படகில் வரும் கொஞ்ச மீனுக்கு யானை விலை சொல்வார்கள். சரி, நவம்பர் 21 மீன்வள தினம் இருக்கிறதே என்றால், அது கார்த்திகை. மைத்துனர் மாலை போட்டிருப்பார். தேடிப் பார்த்ததில் சிக்கியது ஜூலை 10, தேசிய மீன் வளர்ப்போர் தினம். 1957-ல் அதே நாளில் ஒடிசாவின் கட்டாக்கில் மீன்வள விஞ்ஞானிகள் ஹிராலால் சௌத்ரியும் அலிக்குன்ஹியும் கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரி என்ற மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார்கள். குளத்து மீனுக்கான நாள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடைக்காலம் முடிந்து கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகியிருக்கும், ஆடியும் பிறந்திருக்காது. சங்கராவும் நெத்திலியும் தாராளமாகக் கிடைக்கும். அதனால் நாங்கள் அன்று கடல் மீனையே சமைக்கிறோம். இதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தேநீர் தினத்துக்கு இரண்டு தேதி உண்டு. ஐ.நா. சொல்வது மே 21, அதாவது உச்சக் கத்திரி. தேயிலை விளையும் நாடுகள் 2005-லிருந்து கொண்டாடி வந்தது டிசம்பர் 15, நமக்கு மார்கழி பிறக்கும் சமயம். என் ஓட்டு டிசம்பருக்குத்தான்.

மூன்றாவது: ஒரே ஒரு பதார்த்தம்

ஒன்றுதான். இரண்டாவது பதார்த்தம் சேர்ந்த உடனே அது விருந்தாகிவிடும். விருந்து என்றாலே யாரோ ஒருவர் நாள் பூராவும் அடுப்படியில் நிற்பார், அது யார் என்று சொல்லத் தேவையில்லை. வேலையை முதல் நாளே பிரித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கடைக்குப் போவது நான், அரிந்து கொடுப்பது மனைவி, பாத்திரம் கழுவுவது பையன். அந்த நாளின் கதையை எல்லோருக்கும் சொல்வது மகள். அம்மாவுக்கு ஒரே வேலை, உட்கார்ந்த இடத்திலிருந்து குறை சொல்வது. அதைச் சிறப்பாகச் செய்வார். செலவு முந்நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதும் எங்கள் கணக்கு. மீனுக்கு மட்டும் விதிவிலக்கு.

நான்காவது: இட்லி தினத்தில் ஆரம்பியுங்கள்

மாதக் கடைசியில் வருகிற நாள். பையில் காசு இருக்காது, ஆனால் வீட்டில் அரிசியும் உளுந்தும் இருக்கும். கன்னி முயற்சிக்கு இதைவிட வசதியான நாள் கிடையாது.

ஐந்து பேருக்கு, இட்லி அரிசி இரண்டு டம்ளர், முழு உளுந்து அரை டம்ளர், வெந்தயம் அரை ஸ்பூன். 29-ஆம் தேதி மத்தியானமே தனித்தனியாக ஊறப்போடுங்கள், நான்கு மணி நேரம். உளுந்தை முதலில் ஆட்டி எடுங்கள். குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டினால் பந்து மாதிரி பொங்கி வரும். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், பத்து தடவை போட்டுப் பார்ப்பார்கள். அரிசி கொஞ்சம் ரவைப் பதத்தில் இருக்கட்டும். இரண்டையும் உப்போடு சேர்த்துக் கையாலேயே கலக்குங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. சென்னை மார்ச் வெக்கையில் ஆறேழு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதி அளவுக்குத்தான் மாவு இருக்க வேண்டும். இரண்டாவது வருடம் நான் முக்கால் பாத்திரத்துக்கு ஊற்றி மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலை எழுந்து பார்த்தால் மூடி ஒரு பக்கமும் மாவு ஒரு பக்கமுமாக, மேடையிலிருந்து வழிந்து, கீழே இருந்த வெங்காயக் கூடைக்குள் இறங்கியிருந்தது. அன்று பாத்திரம் கழுவும் வேலை பையனிடமிருந்து எனக்கு வந்தது.

சாயங்காலம்தான் கொண்டாட்டம் என்றால், பொங்கிய மாவைக் காலையிலேயே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். வேக வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுத்தால் போதும். பத்து நிமிடம் வெந்ததும் இறக்கி, இரண்டு நிமிடம் ஆற விட்டுத் துணியில் தண்ணீர் தெளித்து எடுங்கள். தொட்டுக்கொள்ள வடகறி. முந்தின நாள் மீந்த மசால் வடையை உதிர்த்துப்போட்டு, வெங்காயம் தக்காளி சோம்போடு கொதிக்கவிட்டால் ஆயிற்று. வடை மீதமில்லையா, டீக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பதார்த்தம் ஒன்று என்றேனே என்று கேட்காதீர்கள், வடகறி இல்லாத இட்லி தினம் எங்கள் பேட்டையில் செல்லாது.

ஐந்தாவது: முட்டை தினம், பர்மாக் கடை முறையில்

இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த நாள். 1960-களில் பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு வடசென்னையிலேயே தங்கிவிட்டது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலம் போனால் அத்தோ வண்டிகளைப் பார்க்கலாம். நூடுல்ஸில் வெங்காயம், முட்டைகோஸ், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தட்டில் தள்ளுவார்கள். பக்கத்திலேயே அவித்த முட்டையைக் கீறி மசாலா வைத்துக் கொடுப்பார்கள். நாம் செய்யப் போவது அந்த முட்டைதான். அத்தோவைக் கடையிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம், அந்தக் கை வேகம் வீட்டில் வராது.

எட்டு முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் பத்து நிமிடம், பிறகு குளிர்ந்த தண்ணீரில். மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, பொன்னிறத்தைத் தாண்டிக் கொஞ்சம் பழுப்பாகும் வரை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து எடுங்கள்.

அடுத்தது பூண்டு. இதில்தான் ருசியே இருக்கிறது. பதினைந்து இருபது பல்லைச் சீவி, ஐந்து ஸ்பூன் எண்ணெயில் சிறு தீயில் போடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், போன் வந்தாலும் எடுக்காதீர்கள். ஓரம் லேசாக மஞ்சளானதும் பூண்டை அரித்து எடுத்துவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகும் அந்தச் சூட்டிலேயே நிறம் ஏறும். அடுப்பிலேயே சிவக்கட்டும் என்று காத்திருந்தால் தட்டுக்கு வரும்போது கசக்கும். வாசம் ஏறிய அந்த எண்ணெயைத் தனியாக எடுத்து வையுங்கள்.

சின்ன எலுமிச்சை அளவு புளியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு வடிகட்டுங்கள். முட்டையை நீளவாக்கில் கீறுங்கள், அடிவரை போகக் கூடாது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் வாய் திறக்கும். அதற்குள் ஒரு சிட்டிகை வெங்காயம், கொஞ்சம் பூண்டு, இடித்த காய்ந்த மிளகாய், கொத்தமல்லி. மேலே ஒரு ஸ்பூன் புளித்தண்ணீர், அரை ஸ்பூன் பூண்டெண்ணெய். வெங்காயம் நமுத்துப்போவதற்குள் வாயில் போட்டுவிட வேண்டும். அதனால் எல்லா முட்டையையும் மொத்தமாக நிரப்பி அடுக்காதீர்கள். ஆள் வர வர, ஒவ்வொன்றாக நிரப்பிக் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டில் பையன்தான் கடைக்காரன். "எனுக்குக் காரம் கம்மியா போடுப்பா" என்று அம்மா வரிசையில் நின்று கேட்பார்.

ஆறாவது, சின்ன வேலை

மறுநாள் அந்தத் தேதியின் தாளைக் கிழிக்கும்போது தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் அளவையும் என்ன தப்பு நடந்தது என்பதையும் எழுதி, ஒரு கிளிப்பில் கோத்து சமையலறை ஆணியில் மாட்டுங்கள். அடுத்த வருடம் அதுதான் உங்கள் சமையல் குறிப்பு. எங்கள் கிளிப்பில் முதலாவதாக இருப்பது போன ஐப்பசித் தாள். அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியது: "பூண்டு கருகிப்போச்சு. புளி பத்தல. முட்டை ஆறு வாங்குனது தப்பு, எட்டு வாங்கணும். அப்பா போன்ல பேசிட்டு இருந்தாரு."