மினுக்கும் ஈ, கட்டம் போட்ட ஈ: புளோ ஃபிளையையும் சதை ஈயையும் பிரித்தறிவது எப்படி?

செத்த எலியின் மேலோ குப்பையின் மேலோ வந்து உட்காரும் பெரிய ஈக்களை எல்லாரும் ஒரே இனம் என்றுதான் நினைக்கிறோம். அவற்றில் இரண்டு தனிக் குடும்பங்கள் உண்டு. கலிஃபோரிடே குடும்பத்தவை புளோ ஃபிளை. சார்கோஃபாகிடே குடும்பத்தவை சதை ஈ. இரண்டையும் பிரித்தறியப் பழகினால், பிறகு எந்த ஈயையும் சும்மா பார்த்துவிட்டுப் போக மனம் வராது.

1. படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. குளிர்ந்த அதிகாலையில் ஈக்கள் மந்தமாக இருப்பதால் கிட்டே போகலாம். பக்கவாட்டுப் படத்தை விட்டுவிடாதீர்கள், நான்காம் படிக்கு அது வேண்டும்.

2. நிறம். உடல் பச்சையாகவோ நீலமாகவோ உலோகம்போல் மினுங்கினால் பெரும்பாலும் புளோ ஃபிளை. லூசிலியா பேரினத்தின் பச்சையை ஒருமுறை பார்த்தால் மறக்காது. சதை ஈ சாம்பல் நிறம். மார்பின் மேல் நீளவாக்கில் மூன்று கறுப்புக் கோடுகள், வயிற்றில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள். பார்க்கும் கோணத்தை மாற்றினால் வெளிறிய கட்டம் கறுக்கும், கறுத்தது வெளுக்கும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. கோடுகள் நான்கு இருந்து, ஈயும் சிறியதாக இருந்தால் அது வீட்டு ஈயாக இருக்கலாம்.

3. ஏமாறும் இடம். புதியவர்கள் தடுமாறுவது புளோ ஃபிளைகளில் ஒன்றான கலிஃபோரா பேரினத்தில்தான். அதன் மார்பு சாம்பல் பூத்து, மங்கலான கோடுகளோடு இருக்கும். மார்பை மட்டும் பார்த்தால் சதை ஈ என்றே தோன்றும். நானும் அப்படித்தான் முதலில் தவறாக எழுதி வைத்தேன். வயிற்றைப் பாருங்கள்: வெண்பொடி படிந்திருந்தாலும் அடியில் நீல மினுமினுப்பு தெரியும். சிவந்த கண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரு குடும்பத்திலும் அது உண்டு.

4. முள்மயிர்களை எண்ணுங்கள். நிறத்தைவிட நான் நம்புவது இதைத்தான். மார்பின் பக்கத்தில், தோள்மேட்டுக்கும் இறக்கை முளைக்கும் இடத்துக்கும் நடுவே சிறிய முக்கோணத் தகடு ஒன்று இருக்கும். அதற்கு நோட்டோப்ளூரான் என்று பெயர். அதில் தடித்த முள்மயிர்கள் இரண்டு இருந்தால் புளோ ஃபிளை. சதை ஈயில் வழக்கமாக நான்கு: இரண்டு பெரியவை, இரண்டு சிறியவை. சிறியவை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும், அதனால் படத்தைப் பெரிதாக்கி நிதானமாக எண்ணுங்கள்.

5. உணர்கொம்பு. நல்ல லென்ஸ் இருந்தால் மட்டும். உணர்கொம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் அரிஸ்டா என்ற இழை, புளோ ஃபிளையில் நுனிவரை இறகுபோல் மயிரடர்ந்திருக்கும். சதை ஈயில் பொதுவாக நுனிப்பகுதி மொட்டையாக இருக்கும்.

இந்த அளவில் குடும்பம் தெரிந்துவிடும். சதை ஈயின் இனப்பெயர் வரை போக ஆசைப்பட்டால் படம் போதாது. பல இனங்களில் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே சொல்ல முடியும்.

பிடித்து ஜாடியில் வைத்த பெண் ஈயும் சில நேரம் தானே துப்புக் கொடுக்கும். புளோ ஃபிளை பெரும்பாலும் முட்டையிடும். சதை ஈ முட்டையை வயிற்றிலேயே பொரித்து, உயிருள்ள புழுக்களாகவே விடும். ஒருவர் இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் புழுக்களின் வளர்ச்சியிலிருந்து கணிக்கும் தடய அறிவியலாளர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். சதை ஈயின் புழுவைப் புளோ ஃபிளையின் புழு என்று எடுத்துக்கொண்டால், வெளியே நடக்காத முட்டைப் பருவத்தின் நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும்.