மயாமி என்ற பெயரில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

மயாமி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே கடற்கரை, தென்னை மரம், நீச்சல் உடை என்று கற்பனையை ஓடவிடாதீர்கள். அது இருப்பது ஒஹாயோ மாநிலத்தில், ஆக்ஸ்போர்டு என்ற சின்ன ஊரில். ஜனவரியில் அங்கே கம்பளிக் கோட்டு இல்லாமல் வெளியே தலை காட்ட முடியாது. புளோரிடாவில் இருப்பது 'யூனிவர்சிட்டி ஆஃப் மயாமி'. ஒஹாயோவில் இருப்பது 'மயாமி யூனிவர்சிட்டி'. நடுவில் ஒரு 'ஆஃப்', சுமார் 1,600 கிலோமீட்டர். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் மாநிலத்தின் பெயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, புளோரிடா ஊரின் புகழைப் பார்த்து ஒஹாயோக்காரர்கள் பெயரைச் சுட்டுவிட்டார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆண்டுகளைப் பார்த்தாலே அது தவறு என்று தெரியும். ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகம் தொடங்கியது 1809இல். அப்போது புளோரிடா ஸ்பெயின் கையில் இருந்தது, 1821இல்தான் அமெரிக்காவுக்கு வந்தது. மயாமி நகரம் முறைப்படி நகரமானது 1896இல், ரயில் பாதை வந்த பிறகு. அங்கே பல்கலைக்கழகம் வந்தது 1925இல். அதற்காக புளோரிடாக்காரர்கள் ஒஹாயோவைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று திருப்பிப் போட்டுவிடாதீர்கள், அதுவும் தவறு.

இரண்டும் வேறு வேறு பெயர்கள். வேறு மக்கள், வேறு மொழி. ஐரோப்பியர்கள் காதில் விழுந்தபடி எழுதி எழுதி, கடைசியில் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றுவிட்டன. ஒஹாயோ, இந்தியானா பகுதியில் வாழ்ந்த பழங்குடி மக்கள் தங்களை 'மியாமியா' என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆற்றின் போக்கில் கீழ்ப்பக்கம் இருப்பவர்கள் என்பது பொருள். அவர்களுடையது அல்கோன்கியன் என்ற பழங்குடி மொழிக் குடும்பத்து மொழி. புளோரிடாவில் நடந்தது வேறு கதை. அங்கே உள்நாட்டில் ஒகீச்சோபி என்ற பெரிய ஏரி இருக்கிறது, அதற்கு முன்னாளில் 'மயாயிமி' என்று பெயர், கரையில் வாழ்ந்தவர்களுக்கும் அதே பெயர். சிறுவனாகக் கப்பல் உடைந்து கரையேறி, பல ஆண்டுகள் புளோரிடாவில் சிறைப்பட்டிருந்த ஃபோன்டனேடா என்ற ஸ்பானியர், ஏரி மிகப் பெரியது என்பதால் அப்படி அழைக்கிறார்கள் என்று 1575 வாக்கில் எழுதி வைத்தார். 'பெரிய நீர்' என்ற பொருள் அங்கிருந்துதான் வருகிறது. ஒகீச்சோபி என்பதும் ஹிட்சிட்டி என்ற பழங்குடி மொழியில் பெரிய நீர்தான். ஏரியைப் பார்த்த யாருக்கும் வேறு பெயர் தோன்றவில்லை போல.

'இனிய நீர்' என்று அர்த்தம் போட்டுச் சுற்றுலாப் பக்கங்களில் எழுதுவதை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. மயாயிமி என்றதும் மாயன் நாகரிகத்துக்கோ நம் மாயத்துக்கோ முடிச்சுப் போடுவதும் அதே ரகம். ஒலி ஒத்துப்போனால் வேரும் ஒன்று என்றால், ஒரே நாட்டுக்குள் இருக்கும் இந்த இரண்டு மயாமிகளும் முதலில் உறவாக வேண்டும், ஆகவில்லையே. இன்னொன்று: மயாமி நகரம் எழுந்த ஆற்று முகத்துவாரத்தில் வாழ்ந்தவர்கள் மயாயிமி மக்கள் இல்லை, டெக்கெஸ்டா மக்கள். ஏரிக்காரர்களின் பெயர் ஆற்றுக்கு வந்து, ஆற்றிலிருந்து ஊருக்கு வந்தது.

வரலாறு படிப்பவர்கள் சறுக்கும் இடம் ஆறுகள். ஒஹாயோவிலேயே பெரிய மயாமி, சின்ன மயாமி என்று இரண்டு ஆறுகள் தெற்கே ஓடி ஒஹாயோ ஆற்றில் கலக்கின்றன. இது போதாதென்று, வடக்கே ஈரி ஏரியில் விழும் மாமி ஆறும் அந்த மியாமியா மக்களின் பெயர்தான், உச்சரிப்பு சற்றுத் திரிந்திருக்கிறது. (நம் வீட்டு மாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 1794இல் பிரிட்டிஷார் கட்டிய மயாமி கோட்டை இந்த மாமி ஆற்றங்கரையில் இருந்தது. மயாமி ஆறு என்று பழைய ஆவணத்தில் கண்டால் எந்தத் திசையில் ஓடுகிற ஆறு என்று பார்க்காமல் வரைபடத்தில் புள்ளி வைக்காதீர்கள்.

அப்புறம் கவுண்டிகள், அதாவது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவுகள். இந்தியானாவின் மயாமி கவுண்டிக்குத் தலைநகர் பெரு, ஒஹாயோவின் மயாமி கவுண்டிக்குத் தலைநகர் டிராய்! கான்சாஸிலும் ஒரு மயாமி கவுண்டி உண்டு, அது வேடிக்கையான கதை இல்லை. 1846இல் இந்தியானாவிலிருந்து மியாமியா மக்களில் பெரும்பகுதியினரைப் படகில் ஏற்றி கான்சாஸுக்கு அனுப்பினார்கள். பிறகு அங்கிருந்தும் நகர்த்தினார்கள். பெயர் அவர்கள் கூடவே நடந்து போயிருக்கிறது.

அந்த நடை முடிந்த இடம் ஓக்லஹோமா. இன்று மயாமி பழங்குடி அரசின் தலைமையகம் இருக்கும் ஊரின் பெயரும் மயாமிதான், ஆனால் உள்ளூர்க்காரர்கள் அதை 'மயாமா' என்கிறார்கள். அங்கே போய் 'மயாமி' என்று வாயைத் திறந்தால், வெளியூர் ஆள் என்று உடனே தெரிந்துவிடும்.